மருத்துவமனை மக்களை அழைத்த வரலாறு



சில திங்களுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவர் இப்பொழுது மருத்துவர். மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில் சிறிய மருத்துவமனை ஒன்றை நடத்தி வருகின்றார். நான்கு கட்டில்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர். இவ்வளவே அவருடைய நிறுவனம். அவர் முகத்தில் சிறிது வாட்டம் இருந்தது. “ஐயா, இணையத்தில் மருத்துவமனைக்கென ஒரு வலைத்தளம் அமைத்து ஓராண்டாயிற்று. அதைப் பார்த்து வந்தேன் என்று சொன்னவர் பத்துப் பேர்கூட இல்லை. என்ன குறை என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

நான் கணினி வல்லவன் அல்லேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வரலாறு கற்பித்தவன். ஆயினும் மாணவர் கேட்டதை மறுக்க மனம் வரவில்லை. அவர் தம் செல்பேசியில் அப்பக்கத்தைத் திறந்து காட்டினார். கட்டடத்தின் பெரிய நிழற்படம் ஒன்று மெல்ல மெல்லத் தோன்றியது. அதன்கீழ், “உலகத் தரம்”, “உன்னதச் சேவை” என்னும் சொற்கள். பிறகு அவர் பெற்ற பட்டங்கள், ஆங்கில எழுத்துகளில் வரிசையாக நின்றன.

“தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீ இருப்பாயா?” என்று கேட்டேன். “காலையில் மட்டும் இருப்பேன், ஐயா.” “மாட்டுத்தாவணியிலிருந்து வருபவர் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும்?” அதற்கும் உடனே விடை வந்தது. “பார்ப்பதற்கு எவ்வளவு கட்டணம்?” அதையும் சொன்னார். “இத்தனையும் உன் நாவில் இருக்கின்றன, உன் பக்கத்தில் ஒன்றுகூட இல்லையே!” என்றேன். அவர் பேசாதிருந்தார். அன்று அவருக்கு நான் சொன்ன நம் நாட்டு வரலாற்றைத்தான் இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன்.

மருத்துவமனை ஒன்று தன்னைப் பற்றி எழுதி வைப்பது புதிய வழக்கம் அன்று. காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. கோயிலோடு இணைந்து இயங்கிய வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையைப் பற்றி அது கூறுகின்றது. ஆதுலர் என்றால் நோயுற்றோர். ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை.

கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழ் நீண்டு செல்கின்றது. அக்கால வழக்கம் அது. ஆனால் ஆதுலர் சாலையைப் பற்றிய பகுதி வந்தவுடன் புகழுரை நின்றுவிடுகின்றது. எண்ணும் அளவும் தொடங்குகின்றன. நோயாளிகளுக்குக் கிடக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்துச் சரக்குகளைக் கொண்டுவர ஆட்கள், பணிவிடை செய்யப் பெண்கள், இன்னின்னார்க்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு, இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபது, அவற்றின் பெயர்கள். இவ்வாறு அது செல்கின்றது. இக்கல்வெட்டு விளம்பரம் அன்று, அறக்கொடையின் பதிவு. ஆயினும் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். அரசனைப் புகழ்ந்த வரிகளால் ஒரு நோயாளிக்கும் பயன் இல்லை. கிடக்கை எத்தனை, மருத்துவர் யார், மருந்து உண்டா என்று கூறும் வரிகளே அவனுக்கு வேண்டியவை. ஏறத்தாழ 950 ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த ஆதுலர் சாலையை நம் கண்முன் நிறுத்துவன அவ்வரிகளே.

இனி நம் மதுரைக்கு வருவோம்.

மதுரை மருத்துவக் கல்லூரி 1954-இல் தொடங்கப் பெற்றது. அங்கே 1956-இல் கண் மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918-இல் உழவர் குடியில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் பெற்றவர். படையில் மருத்துவராகப் பணியாற்றிய பின் கொடிய முடக்குவாதம் அவரைத் தாக்கிற்று. விரல்கள் கோணிப் போயின. அந்த விரல்களைக் கொண்டே கண் அறுவையைப் பயின்று, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார் அவர்.

அக்காலத்தில் நம் சிற்றூர்களில் முதியோர் பார்வை இழந்ததற்குத் தலையாய காரணம் கண்புரை. கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை, தெளிந்த நீர் கலங்குவதுபோல் கலங்கிவிடுகின்றது, ஒளி உட்செல்வதில்லை. மருந்தால் தீராத இந்நோய் அறுவையால் தீரும். ஆகவே, தீர்க்கக்கூடிய குருட்டுத்தன்மை அது. மருத்துவர் நகரத்தில் இருந்தார். பார்வையிழந்தோர் ஊர்ப்புறத் திண்ணைகளில் இருந்தனர். இடையே முப்பது கல் தொலைவு. இத்தொலைவைக் கடப்பதற்காக 1960-களிலேயே கண் சிகிச்சை முகாம்களை அவர் நடத்தத் தொடங்கினார்.

1976-இல், தமது 58-ஆம் வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார் டாக்டர் வெங்கடசாமி. ஓய்வு பெற்றவர் சாய்வு நாற்காலியை நாடவில்லை. உடன்பிறந்தோரின் துணையுடன், மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகள் கொண்ட சிறிய கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதுவே அரவிந்த் கண் மருத்துவமனை. இன்று உலகம் அறிந்த அந்த நிறுவனமும் ஒரு காலத்தில் என் மாணவருடைய மருத்துவமனையைப் போன்றே சிறியதாக இருந்தது என்பதை நீங்கள் நினைவில் கொள்ளல் வேண்டும். வசதி படைத்தோர் கட்டணம் செலுத்தினர். அதிலிருந்து மிஞ்சியதைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 1978-இல் ஏழைகளுக்கென்றே 70 படுக்கைகள் கொண்ட இலவச மருத்துவமனை எழுந்தது.

சிகிச்சை இலவசம் என்றால் மக்கள் திரண்டு வந்துவிடுவர் என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறு நடக்கவில்லை. இதுவே இவ்வரலாற்றில் நாம் ஊன்றிப் பயில வேண்டிய பகுதி. முகாமில் கண்ணைச் சோதித்து, “உங்களுக்கு அறுவை வேண்டும், மதுரைக்கு வாருங்கள், பணம் வேண்டா” என்று சொல்லி அனுப்பினர். பலர் வரவில்லை. ஏன் வரவில்லை? அறுவைதான் இலவசம், பேருந்துக் கட்டணம் இலவசம் அன்று. தங்கும் நாள்களில் உணவுக்குச் செலவு உண்டு. துணைக்கு வருபவரின் கூலி போகும். பார்வையற்றவர் தனியே பேருந்து ஏற இயலாது. இவற்றை உணர்ந்தபின் மருத்துவமனையார் முறையை மாற்றினர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துச் சென்று, உணவும் இடமும் அளித்து, அறுவை முடிந்தபின் மீண்டும் ஊருக்கே கொண்டுவந்து விடத் தொடங்கினர். ஊர்ப் பெரியோர், ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கத்தார், பள்ளிகள் ஆகியோர் முகாமைப் பொறுப்பேற்று நடத்தினர்; ஒலிபெருக்கி வைத்த வண்டி மூலமும் துண்டறிக்கை மூலமும் ஊர்தோறும் செய்தி பரப்பினர்.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில், நான் இளம் ஆசிரியனாக இருந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் கண் சிகிச்சை முகாம் ஒன்று நடைபெற்றது. துண்டறிக்கையை எழுதும் பணி எனக்கு வந்தது. தமிழ்ப் பற்று மிகுந்த வயது, அடுக்குமொழியில் எழுதினேன். தலைமை தாங்குவோர், முன்னிலை வகிப்போர், வாழ்த்துரை வழங்குவோர் பெயர்கள் எல்லாம் தடித்த எழுத்தில் இடம்பெற்றன. மாணவர்கள் வீடுதோறும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அறிக்கையைப் படித்த தலைமையாசிரியர் என் தோளைத் தட்டிப் பாராட்டினார்.

எங்கள் மாணவன் ஒருவனின் பாட்டி, இரண்டு கண்ணிலும் புரை முற்றியவர், முகாமுக்கு வரவில்லை. மறு ஆண்டு முகாமுக்கு வந்தார். அறுவையும் நன்கு நடந்தது. திரும்பி வந்த பின் என்னைக் கண்டபோது அவர் சொன்னார்: “போற வண்டி, வர்ற வண்டி, சாப்பாடு எல்லாம் அவுகளே பாத்துக்கிருவாகன்னு போன வருசமே சொல்லியிருந்தா அப்பவே வந்திருப்பேனே, வாத்தியாரையா!” நான் நாணித் தலை குனிந்தேன். என் அறிக்கையில் இருபது பெயர்கள் இருந்தன. அந்த ஒரு வரி இல்லை. அவர் ஓராண்டை இருளில் கழித்தார். அந்த ஓராண்டுக்கு என் எழுதுகோலும் பொறுப்பு என்றே இன்றும் கருதுகின்றேன்.

நான் என் தவற்றால் கற்றதை அறிஞர்கள் ஆய்வால் கண்டறிந்தனர். கண்புரை அறுவைக்கு மக்களை எவ்வாறு வரச் செய்யலாம் என்று தென்னிந்தியச் சிற்றூர்களில் கிரிஜா பிரில்லியண்டு என்னும் அமெரிக்க அம்மையாரும் அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த ஆர். டி. துளசிராஜ் உள்ளிட்டோரும் ஆராய்ந்து, 1991-இல் முடிவை வெளியிட்டனர். செய்தி சொல்லும் முறையையும், செலவை ஏற்கும் அளவையும் இணைத்து எட்டு வகையான வழிகளை அவர்கள் சோதித்தனர். பயணம், உணவு முதலிய முழுச் செலவையும் ஏற்ற இடங்களில் அறுவைக்கு வந்தோர் மிகுந்தனர். ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவர் வீடு வீடாகச் சென்று பேசிய முறையும் நல்ல பயன் தந்தது. பொய்யில்லாத அனுபவமே அச்சத்தைப் போக்கும் என்பது இதனால் விளங்குகின்றது.

1999-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, முகாம் நடத்தப்பட்ட சிற்றூர்களில் கண் குறை உள்ளவர்களுள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்தனர் என்று காட்டிற்று. அறுவை பற்றிய அச்சம், செலவு, குடும்பப் பொறுப்பு, “இருக்கிற பார்வை போதும்” என்னும் எண்ணம் ஆகியவை மற்றவர்களைத் தடுத்தன. நூற்றுக்கு ஏழு! ஒலிபெருக்கியின் ஓசை எல்லாச் செவிகளிலும் விழுந்திருக்கும். ஆனால் உள்ளத்தில் எழுந்த கேள்விக்கு அது விடை சொல்லவில்லை போலும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். மக்களை வரவழைப்பதே நோக்கமானால், மருத்துவர் தம்மைப் பற்றி எதையும் உரக்கச் சொல்லலாமா? கூடாது என்கின்றது நம் நாட்டுச் சட்டம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவங்கள் பற்றிய சட்டம், குறிப்பிட்ட சில நோய்களைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றது. அச்சட்டத்தின் பட்டியலில் கண்புரையும் குருட்டுத்தன்மையும் இடம்பெற்றுள்ளன. சொட்டு மருந்தால் புரை கரையும் என்னும் பொய்யை நம்பிக் காலத்தைக் கடத்தியோருக்கு நேரும் கேட்டை எண்ணினால் இதன் தேவை புலப்படும்.

அடுத்து, இந்திய மருத்துவ மன்றம் 2002-இல் ஒழுக்க விதிகளை வகுத்தது. மன்றத்தின் இடத்தில் 2020-இல் தேசிய மருத்துவ ஆணையம் அமைந்தது. ஆணையம் 2023-இல் வெளியிட்ட புதிய விதிகள் அம்மாதமே நிறுத்தி வைக்கப்பட்டமையால் பழைய விதிகளே தொடர்ந்தன. மருத்துவர் விளம்பரத்தின் மூலம் நோயாளிகளைத் தம்பால் இழுப்பது முறையன்று என்பது அவ்விதி. ஆனால் அதே விதி சில அறிவிப்புகளை அனுமதிக்கின்றது. தொழில் தொடங்குதல், முகவரி மாறுதல், சில காலம் ஊரில் இல்லாமை, மீண்டும் பணிக்கு வருதல், கட்டணம் இவ்வளவு என வெளிப்படையாகக் கூறுதல் முதலியன அவை. மாணவர்களே, இப்பட்டியலைச் சற்று எண்ணிப் பாருங்கள். எங்கே இருக்கிறார், எப்பொழுது இருக்கிறார், எவ்வளவு செலவாகும்: நோயாளி கேட்கும் கேள்விகளும் இவைதாமே! தற்புகழ்ச்சிக்குத் தடை; தகவலுக்கு அனுமதி. விதியும் நோயாளியின் தேவையும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

நிற்க. இணையத்தின் கதைக்கு வருவோம். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று. 2001-இல் அது நம் மேலூர் வட்டத்துச் சிற்றூர்களுக்கு வந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தால் ஊர்களில் இணைய நிலையங்கள் அமைந்தன. நிலையத்தை நடத்தியவர் அவ்வூர்க்காரரே. கண் குறையோடு வந்தவரின் கண்ணைச் சிறு நிழற்படக் கருவியால் படம் எடுத்து, குறைகளைக் கேட்டு எழுதி, அரவிந்த் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அவர் அனுப்பினார். மருத்துவர் பார்த்து, மதுரைக்கு வர வேண்டுமா வேண்டாவா என்று விடை எழுதினார். வீணாகும் ஒரு பயணம் தவிர்க்கப்பட்டது. வேண்டிய பயணம் உறுதிப்பட்டது.

அந்நிலையங்களுள் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன என்பதையும் வரலாறு பதிந்துள்ளது. பணமும் பராமரிப்பும் தொடராத இடத்தில் கருவி மட்டும் நிலைப்பதில்லை. ஆனால் அந்த எண்ணம் அழியவில்லை. 2004 முதல் அரவிந்த் நிறுவனம் சிற்றூர்ப் பகுதிகளில் பார்வை மையங்களை அமைத்தது. தேனிப் பகுதியில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் அமைத்துத் தந்த நெடுந்தொலைவுக் கம்பியில்லா இணைப்பின் வழியே, மையத்தில் அமர்ந்திருந்த நோயாளி மருத்துவமனையில் இருந்த மருத்துவரோடு முகம் பார்த்துப் பேசினார். ஏறத்தாழ 50,000 மக்களுக்கு ஒரு மையம் என்னும் கணக்கில் அவை பரவி, இன்று நூற்றைக் கடந்துவிட்டன. டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7 அன்று மறைந்தார். அவர் திறந்த பாதையில் மக்கள் நடந்துகொண்டே இருக்கின்றனர்.

கல்வெட்டு, துண்டறிக்கை, ஒலிபெருக்கி, இணையம் எனக் கருவிகள் மாறின. மக்கள் உள்ளத்தில் எழும் கேள்வி மாறவில்லை. ஆகவே என் மாணவருக்கு நான் கூறிய அறிவுரை எளியது. முதலில், உன் பக்கத்தின் தலையில் கட்டடத்தை எடுத்துவிட்டு, கிழமையையும் நேரத்தையும் தமிழில் எழுது. விடுமுறை என்றால் அன்று காலையிலேயே மாற்று. மாற்றாத பக்கம், பூட்டிய கதவின் முன் நோயாளியை நிறுத்திவிடும். எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம், அங்கிருந்து எவ்வளவு நடை என்று எழுது. கட்டணத்தை மறைக்காதே. தொட்டவுடன் அழைப்புப் போகும்படி தொலைபேசி எண்ணை வை. பழைய மருந்துச் சீட்டைக் கொண்டுவர வேண்டுமா, வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, துணைக்கு ஆள் வேண்டுமா என்பவற்றைக் குறி. உன்னிடம் இல்லாத சிகிச்சையை இல்லை என்றே எழுது. நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் 108-ஐ அழைக்கச் சொல். பட்டத்தையும் பதிவு எண்ணையும் ஒரு வரியில் உண்மையாகச் சொல். நோயாளியின் பெயரையோ படத்தையோ காட்டிப் பெருமை தேடாதே. படங்கள் சிறியனவாக இருக்கட்டும். விலை குறைந்த செல்பேசியிலும் பக்கம் விரைந்து திறக்க வேண்டும்.

அவர் அவ்வாறே செய்தார். ஒரு திங்கள் சென்றபின் தொலைபேசியில் அழைத்தார். நத்தம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து முதியவர் ஒருவர் சர்க்கரை நோய்க்காக வந்தாராம். “எப்படி வந்தீர்கள்?” என்று கேட்டதற்கு, திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கும் மகன் செல்பேசியில் பார்த்து, இன்ன பேருந்தில் ஏறி இன்ன இடத்தில் இறங்குங்கள், இவ்வளவு பணம் கையில் இருந்தால் போதும் என்று சொன்னதாகக் கூறினாராம். அம்முதியவருக்கு இணையம் என்றால் என்னவென்று தெரியாது. அவருக்காகப் படித்தவன் மகன்.

மாணவச் செல்வங்களே, இதனை உங்களுக்கு நான் கூறுவதன் நோக்கம் இப்பொழுது விளங்கியிருக்கும். அன்று என் துண்டறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் பள்ளிப் பிள்ளைகள். இன்று பாட்டிக்காகச் செல்பேசியைத் திறப்பவர்களும் நீங்களே. நாளை உங்களுள் சிலர் மருத்துவர் ஆவீர்கள். சிலர் இத்தகைய பக்கங்களை எழுதித் தருபவர் ஆவீர்கள். எழுத அமரும்போது, திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவரை மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் கேள்விக்கு விடை எழுதிய பின்பு, இடம் மிஞ்சினால், மற்றவற்றை எழுதலாம். நான் விட்ட அந்த ஒரு வரியை நீங்கள் விட்டுவிடாதீர்கள்.